லிங்கராஜபுரத்தில் ஒரு கிராஷ்

புரோகிராம் கிராஷ் ஆனால் டீபக்கரைத் திறப்போம். டீபக்கரே கிராஷ் ஆனால் அதைப் பார்க்க இன்னொரு டீபக்கரைத் திறக்க வேண்டும். ஜிடிபி என்ற டீபக்கரில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம். அதன் மூலநிரலோடு ஒரு சின்ன ஃபைல் இதற்கென்றே இருக்கிறது. வெளியே இருக்கும் ஜிடிபியின் பிராம்ப்ட்டை அது ‘டாப் ஜிடிபி’ என்று மாற்றிவைக்கும். இல்லாவிட்டால் எந்தத் திரையில் எதை நிறுத்திவைத்தோம் என்று நடுராத்திரியில் தலை சுற்றும். 2019-இல் பல வாரங்கள் அந்த இரண்டு பிராம்ப்ட்டுகளுக்கு நடுவில்தான் என் குடித்தனம்.

வீடு லிங்கராஜபுரத்தில். ஹென்னூர் ரோட்டிலிருந்து ஹட்சின்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால் ஏபிடி வரும். 1959-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் அது. ஆட்டோக்காரர்களுக்கு நான் சொல்லும் அடையாளமும் அதுதான். 1809-இல் வெள்ளைக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தைப் பெங்களூருக்கு மாற்றி கன்டோன்மென்ட் அமைத்த காலத்திலிருந்தே இந்தப் பக்கமெல்லாம் தமிழ் புழங்குகிறது. எங்கள் வீட்டு ஓனர் அம்மாவின் பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். அந்த அம்மா பேசும் தமிழில் பாதி கன்னடம், மீதியில் பாதி இங்கிலீஷ். “இன்னாப்பா, ராத்திரியெல்லாம் லைட்டு எரியுது, உனக்கு ஆபீஸ்ல சம்பளம் ஸ்வல்பமாச்சும் ஏத்துறாங்களா?” என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார். ஏற்றவில்லை என்பதை அவரிடம் சொன்னால் வாடகை ஏறாது என்ற ஒரு லாபம் உண்டு.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்து, சாட்டிலைட் வழியாக அமெரிக்காவோடு நேரடி இணைப்பு வைத்துக்கொண்டு சிப் வடிவமைப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த ஊரில் சிப் செய்கிற கம்பெனிகள் வரிசையாக வந்தன. சிப் இருந்தால் அதற்கு ஒரு கம்பைலர் வேண்டும், டீபக்கர் வேண்டும். யாரும் டீபக்கரை ஆதியிலிருந்து எழுதுவதில்லை. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய ஜிடிபியை எடுத்து, தங்கள் சிப்புக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். சென்னை ஐஐடியின் சக்தி சிப்பில் புரோகிராம் எழுதும் மாணவனும் ஜிடிபியைத்தான் திறக்கிறான். நான் இருந்த கம்பெனியிலும் அப்படி வெட்டி ஒட்டியது ஒன்று இருந்தது. ஒட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கோயம்புத்தூரில் மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் ஒரு கஸ்டமரிடமிருந்து புகார் வந்தது. கோடைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, டீபக்கரை மூடாமலேயே ‘லோட்’ கொடுத்தால் சில சமயம் டீபக்கர் விழுந்துவிடுகிறது. சில சமயம் என்றால்? பத்துக்கு இரண்டு தரம் என்றார்கள்; பிறகு, இல்லை, திங்கட்கிழமை முழுக்க வரவே இல்லை என்றார்கள். இந்த மாதிரிப் புகாரை எந்த மேனேஜரும் விரும்புவதில்லை. கோர் ஃபைலைத் திறந்து, விழுந்த வரியைப் பார்த்துவிட்டு எங்கள் மேனேஜர் சொன்ன வைத்தியம்: “அந்த வரிக்கு முன்னாடி ஒரு நல் செக் போட்டு அனுப்பிடுங்க.”

பாயிண்ட்டர் பூஜ்ஜியமாக இருந்தால்தானே நல் செக் பிடிக்கும்? இந்தப் பாயிண்ட்டர் பூஜ்ஜியம் இல்லை. பார்க்க நல்ல அட்ரஸ் மாதிரியே இருந்தது. லிங்கராஜபுரத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே டோர் நம்பரில் நாலு மாடி கட்டுகிறார்களே, அந்த மாதிரி. பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டால் போஸ்ட்மேன் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்கிக்கொள்பவர் வேறு ஆள். மெமரியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் அட்ரஸைக் கையில் வைத்திருந்தால் நடப்பது இதுதான். இடம் காலியாகக் கிடந்தால் பழைய தகவல் அப்படியே இருக்கும், எதுவும் ஆகாது. புதிதாக வேறு ஏதாவது குடியேறியிருந்தால் புரோகிராம் விழும். ‘சில சமயம்’ என்பதன் ரகசியம் அவ்வளவே.

விழுவதைவிட மோசமான ஒன்றை கோயம்புத்தூர் இன்ஜினியர்தான் எனக்குச் சொன்னார். போனில் ரொம்ப நிதானமாகப் பேசினார். “டீபக்கர் விழுந்தாக்கூடப் பரவால்லைங்க, திரும்பத் தொறந்துக்கறோம். அது பொய் சொல்லுதுங்க.” அவர்களுடைய ஸ்ட்ரக்சர் ஒன்றில் மோட்டாரின் கரன்ட் லிமிட், வெப்பநிலை, வேகம் என்று வரிசையாக இருக்கிறது. நடுவில் ஒரு புதிய ஃபீல்டைச் சேர்த்து லோட் செய்திருக்கிறார்கள். வேகம் என்று போட்டு எங்கள் டீபக்கர் வெப்பநிலையைக் காட்டியிருக்கிறது. 41 என்று காட்டினால் மோட்டார் நின்றேவிட்டது என்று நினைத்து அவர்கள் தங்கள் கோடில் தவறு தேடியிருக்கிறார்கள். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. டீபக்கர் விழுந்தால் விழுந்தது தெரியும். தவறான எண்ணை நேர்த்தியாக அச்சடித்துக் காட்டினால் அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

இங்கே கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஒரு புரோகிராமைத் திறந்ததும் ஜிடிபி அதிலிருக்கும் பெயர்கள், டைப்கள், எந்த ஃபீல்ட் எத்தனையாவது பைட்டில் என்ற விவரம் எல்லாவற்றையும் படித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ‘ஆப்ஜ்ஃபைல்’. அதற்குச் சொந்தமான மெமரிக் குவியலுக்கு ஆப்ஸ்டேக் என்று பெயர். லட்சக்கணக்கான சின்னச் சின்ன விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, தனித்தனியாகத் திருப்பிக் கொடுப்பது வீண் வேலை. அதனால் பெரிய துண்டாக வாங்கி, அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, வேலை முடிந்ததும் மொத்தமாக விட்டுவிடுவது இதன் வழக்கம். வேகமான ஏற்பாடு. ஆனால் மொத்தமாக விடும்போது உள்ளே இருந்த ஏதாவது ஒன்றின் அட்ரஸை வெளியே யாராவது வைத்திருந்தால் அவர் கதி அதோகதி.

ஜிடிபியின் மூத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு வேரியபிளை பிரிண்ட் செய்தால் அந்த மதிப்பு ‘டாலர் ஒன்று’ என்ற பெயரில் வரலாற்றில் சேர்கிறது. பிறகு புரோகிராமையே மாற்றிக் கட்டினாலும் பழைய டாலர் ஒன்றைக் கேட்டால் காட்டும். எப்படி? ஆப்ஸ்டேக்கை விடுவதற்கு முன்னால் ‘பிரிசர்வ் வேல்யூஸ்’ என்ற ஃபங்ஷன் வரலாற்றில் இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, அதன் டைப்பை முழுசாகப் பிரதி எடுத்து வெளியே கொண்டுவந்துவிடுகிறது. பைத்தான் ஸ்கிரிப்ட்டில் பிடித்துவைத்த டைப்புக்கும் இதே காப்பு உண்டு. சிம்பல் மாதிரியான சிலவற்றைக் காப்பாற்ற முடியாது. அவற்றுக்கு ‘இன்னும் செல்லுமா’ என்று கேட்டுப் பார்க்க ஒரு மெத்தட் வைத்திருக்கிறார்கள். இதை வாசித்துக்கொண்டிருந்த இரவு, வேலையை மறந்துவிட்டு வெறும் ரசிகனாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஒட்டில் அந்த ஒழுங்கு இல்லை. ஸ்ட்ரக்சர்களை அழகாகக் காட்டுவதற்கு ஒரு கேஷ் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டு சியாட்டில் போய்விட்டார். டைப்பின் அட்ரஸைக் கொடுத்தால், ஃபீல்டுகள் எங்கெங்கே என்று முன்பே கணக்கிட்டுவைத்ததை அது எடுத்துத் தரும். டைப் யாருக்குச் சொந்தம், அது எப்போது போகும் என்ற கேள்வியையே அந்தக் கோட் கேட்கவில்லை.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. என்னோடு வேலை செய்த ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், கம்மனஹள்ளியில் பிஜியில் தங்கியிருந்தார். அங்கே நெட் சரியில்லை என்று சனிக்கிழமைகளில் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவி போடும் காபிக்காகத்தான் வருகிறார் என்பது என் மனைவியின் கட்சி. முதலில் அவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார்: புரோகிராமைக் கட்டு, டீபக்கரில் ஓட்டு, பிரிண்ட் செய், மூலக்கோடை மாற்று, மறுபடி கட்டு, ஓட்டு. கிராஷ் வரவில்லை. கையால் அதையே செய்தால் வருகிறது. ஸ்கிரிப்ட்டில் எத்தனை முறை ஓட்டினாலும் வராது. பேய் பிடித்த கதையாக இருந்தது.

காரணம் நேரம். ஃபைல் மாறியிருக்கிறதா என்று ஜிடிபி அதன் கடைசி மாற்ற நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது, அதுவும் வினாடிக் கணக்கில். நாலு வரிப் புரோகிராமை ஸ்கிரிப்ட் ஒரே வினாடிக்குள் மாற்றிக் கட்டிவிடுகிறது. பழைய நேரமும் புதிய நேரமும் ஒன்று. ஆகவே எதுவும் மாறவில்லை என்று ஜிடிபி நிம்மதியாக இருந்துவிடுகிறது. மனிதக் கைக்கு அந்த வேகம் கிடையாது. நடுவில் ஒரு வினாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் ‘ஃபைல் மாறிவிட்டது, சிம்பல்களை மறுபடி படிக்கிறேன்’ என்ற அறிவிப்பு வந்தது.

அதோடு இன்னொரு தந்திரமும் சேர்த்தோம். சி மொழியின் நூலகமான ஜிலிப்ஸியில் ‘மேலாக் பெர்ட்டர்ப்’ என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது. அதில் ஓர் எண்ணைக் கொடுத்தால், திருப்பிக் கொடுக்கப்படும் மெமரி முழுக்க அந்த பைட்டை நிரப்பிவிடும். 165 கொடுத்தோம். பழைய தகவல் அப்படியே கிடந்து ஏமாற்றும் வாய்ப்பு போயிற்று. ஹெக்ஸில் ஏ5 ஏ5 ஏ5 என்று திரை முழுக்கக் கொட்டியபடி டீபக்கர் ஒவ்வொரு முறையும் விழுந்தது. கிராஷ் தவறாமல் வரும் சந்தோஷம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். அந்தப் பெண் கை தட்டியதில் ஓனர் அம்மா கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

யார் விட்டது, யார் தொட்டது என்று தெரிய அட்ரஸ் சானிடைசரோடு ஜிடிபியைக் கட்டினோம். கூகுளில் கான்ஸ்டன்டின் செரெப்ரியானியும் கூட்டாளிகளும் 2012-இல் கட்டுரையாக வெளியிட்ட கருவி. அதற்கு முன்பெல்லாம் ஜூலியன் சீவர்டின் வால்கிரைண்ட்தான் கதி. அருமையான கருவி, ஆனால் புரோகிராம் இருபது முப்பது மடங்கு மெதுவாகும். சானிடைசரோடு கட்டினால் சராசரியாக 73 சதவீதம்தான் மெதுவாகும் என்று அந்தக் கட்டுரை கணக்குக் காட்டுகிறது. திரையில் சிவப்பாக ஒரு வரி, அதன்கீழ் மூன்று பட்டியல்: இப்போது தொட்டது யார், முன்பு விட்டது யார், அதற்கும் முன்பு வாங்கியது யார்.

முதல் இரண்டும் உதவின. மூன்றாவது பட்டியல் எங்களை நன்றாக அலைக்கழித்தது. 4064 பைட் துண்டு ஒன்றின் நடுவில் இந்த அட்ரஸ் இருக்கிறது என்றும், அதை வாங்கியது டுவார்ஃப் என்ற டீபக் விவரத்தைப் படிக்கும் இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷன் என்றும் வந்தது. ஆப்ஸ்டேக்கின் குணம் அது. பழைய துண்டு நிரம்பிப்போன நேரத்தில் யார் வாசலில் நின்றாரோ அவர் பெயரில்தான் புதிய துண்டு வாங்கப்படும். பிறகு அதில் வந்து உட்கார்ந்தவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. கருவி சொன்னது உண்மை. அந்த உண்மை எங்கள் கேள்விக்கு விடையாக இல்லை.

அந்தப் பெண் செய்த முதல் திருத்தம் நியாயமானது. ஆப்ஜ்ஃபைல் அழியும்போது அறிவிப்பு கொடுக்க ஜிடிபியில் வசதி இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு கேஷைத் துடைத்துவிடுவது. வேறு புரோகிராமைத் திறந்தால் சரியாக வேலை செய்தது. அதே புரோகிராமை மாற்றிக் கட்டினால் பழையபடி விழுந்தது. மதியம் முழுக்க மௌனமாக உட்கார்ந்திருந்தவர், நோட்டில் பென்சிலால் இரண்டு அட்ரஸ்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் நகர்த்தினார். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆப்ஜ்ஃபைலின் அட்ரஸ். கடைசி எழுத்து வரை ஒன்று.

“அண்ணா, ஆப்ஜ்ஃபைல் சாகவே இல்லண்ணா. அது அங்கயேதான் இருக்கு. உள்ள இருந்ததை மட்டும் கொட்டிட்டுப் புதுசா நெரப்பியிருக்காங்க.”

அதுதான் விஷயம். மறுபடி படிக்கும்போது ஜிடிபி பழைய ஆப்ஜ்ஃபைலைத் தூக்கிப்போடுவதில்லை. அதே ஆப்ஜ்ஃபைலை வைத்துக்கொண்டு, அதன் ஆப்ஸ்டேக்கைக் காலி செய்து, புதிய சிம்பல்களை ஏற்றுகிறது. புதிய டைப்கள் சில சமயம் பழைய டைப் இருந்த அதே அட்ரஸில் போய் உட்காருகின்றன. எங்கள் கேஷுக்கு அட்ரஸ் ஒன்றுதான் அடையாளம்; தெரிந்த முகம் என்று நினைத்துப் பழைய கணக்கை எடுத்துக் கொடுக்கிறது. கோயம்புத்தூரில் வேகத்தின் இடத்தில் வெப்பநிலை வந்த கதை அங்கே முடிச்சு அவிழ்ந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் இன்னொரு சீனியர், “ஷேர்ட் பாயிண்ட்டர் போட்டா முடிஞ்சுது” என்றார். 2017 ஜூனில் வந்த 8.0 பதிப்பிலிருந்து ஜிடிபியைக் கட்ட சி பிளஸ் பிளஸ் 11 கட்டாயமாகியிருந்தது. அதனால் அந்த வசதியெல்லாம் கையில் இருந்தது. நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு டைப்பை மட்டும் தனியாகப் பிடித்துவைக்க ஆப்ஸ்டேக்கில் வழியில்லை. பிடித்தால் குவியல் முழுவதையும் பிடிக்க வேண்டும். பெரிய புரோகிராம் என்றால் ஒவ்வொரு லோடுக்கும் சில நூறு எம்பி தேங்கும். அதுகூடப் பரவாயில்லை. பழைய டைப்பை உயிரோடு வைத்திருந்து என்ன பயன்? கிராஷ் நிற்கும். பழைய ஃபீல்ட் கணக்கு அப்படியே இருக்கும். கோயம்புத்தூர்க்காரருக்கு இனி ஒருபோதும் விழாமல், ஒவ்வொரு முறையும் பொய் சொல்லும் டீபக்கரைக் கொடுத்திருப்போம். ஒரு தகவல் செல்லாமல் போனால் அதிலிருந்து கணக்கிட்டவையும் கூடவே போக வேண்டும். ஆயுளை நீட்டுவது எல்லா லைஃப்டைம் கோளாறுக்கும் மருந்தாகாது என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஜிடிபியில் ‘ரெஜிஸ்ட்ரி’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஆப்ஜ்ஃபைலோடு நம்முடைய தகவலையும் தொங்கவிடலாம். ஆப்ஜ்ஃபைல் அழிந்தாலும் சரி, உள்ளே மட்டும் காலி செய்தாலும் சரி, தொங்கவிட்டதும் சேர்ந்து துடைக்கப்படும். கேஷைப் பொதுவிடத்திலிருந்து எடுத்து அங்கே தொங்கவிட்டோம். எல்லா டைப்பும் ஆப்ஜ்ஃபைலுக்குச் சொந்தம் இல்லை. இன்ட், கேரக்டர் மாதிரி சில, சிப்பின் ஆர்க்கிடெக்சருக்குச் சொந்தம். அவற்றுக்குத் தனியாக ஒன்று. திருத்தம் முடிந்தபோது கோட் முன்பைவிடச் சின்னதாகியிருந்தது.

மெமரி ஆயுள் பிரச்சினை ஏதோ எங்கள் ஒட்டுக்கடைக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். தன் மென்பொருள்களில் வெளியாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரிக் கோளாறுகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. அடுத்த ஆண்டு குரோமியம் பிரவுசர் திட்டமும் தன் கடுமையான ஓட்டைகளைப் பற்றி அதே விகிதத்தைச் சொன்னது. அதில் பாதி, விட்ட மெமரியைத் தொட்டது. 2015-இல் 1.0 வந்த ரஸ்ட் மொழியில் இந்தப் பாயிண்ட்டரை எழுதியிருந்தால் கம்பைலரே மறுத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் டைப்பின் பெயரை வைத்து ஃபீல்ட் கணக்கைப் பிரதி எடுத்துவைத்திருந்தால் ரஸ்ட்டும் தலையாட்டியிருக்கும், வேகத்தின் இடத்தில் வெப்பநிலையும் வந்திருக்கும். கம்பைலர் கேட்கும் கேள்விகளுக்கு அப்பால் நாம் கேட்க வேண்டியவை பாக்கி இருக்கின்றன.

டெஸ்ட்டை அந்தப் பெண்ணே எழுதினார், ஜிடிபியின் டெஸ்ட் கட்டமைப்பான டெஜாக்னுவில், டிக்கிள் மொழியில். நடுவில் ஒரு ஃபீல்ட் கூடுதலாக உள்ள இரண்டாவது மூலக்கோட், அதைக் கட்டி மறுபடி ஓட்டு, பிரிண்ட் செய். டீபக்கர் விழவில்லை என்பதோடு நிற்காமல், வேகம் என்ற பெயருக்கு நேரே வேகம்தான் வருகிறதா என்று அது பார்க்கிறது. அந்த டெஸ்ட்டின் நடுவில் ஒரு வினாடி தூங்கும் வரி இருக்கிறது. நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். டெஸ்ட்டுகள் மெதுவாக ஓடுகின்றன, வேகப்படுத்துங்கள் என்று யாராவது ஒருநாள் கட்டாயம் சொல்வார்கள். அங்கே இப்போது உட்கார்ந்திருப்பவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால், ஃபைல் மாறியதே தெரியாமல் ஜிடிபி பழைய கணக்கையே காட்டும்; கோடில் தவறு இல்லாமலே டெஸ்ட் சிவப்பாகும். கேஷைச் சோதிக்கவும் செய்யாது.